மருந்து கண்டுபிடித்ததாகச் சொன்ன பெனர்

1

தம்பி பிரதீப் அனுப்பிய படத்தில் அப்பா கட்டிலில் படுத்திருக்கிறார். அவருக்கு நேர் மேலே, கூரைத் தகரத்துக்குக் கீழே, என் முகம். கட்டிலைவிடப் பெரிய முகம். தலையில் கறுப்புப் பட்டமளிப்புத் தொப்பி.

அந்தத் தொப்பியை நான் போட்டதே இல்லை. ஜெர்மனியில் ஆராய்ச்சிப் பட்டம் முடிப்பவருக்கு ஆய்வுகூட நண்பர்கள் அட்டையில் ஒரு தொப்பி செய்து, அதில் விளையாட்டுப் பொருட்களை ஒட்டித் தலையில் வைத்து விடுவார்கள். அந்தப் படத்தைத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். கண்டியில் வாழ்த்துப் பெனர் அச்சடித்த கடைக்காரர் அட்டைத் தொப்பியை வெட்டி எறிந்துவிட்டு, கம்பியூட்டரிலிருந்து ஒழுங்கான தொப்பி ஒன்றை எடுத்து வைத்துவிட்டார்.

மலைநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குப் பெனர் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்தாலும் பெனர், கெம்பஸ் கிடைத்தாலும் பெனர், பிள்ளை பெரியவளானாலும் பெனர். எனக்கு அடித்தது எங்கள் ஊரான மடுல்கெல்லையில் பஸ் நிற்கும் இடத்தில் கட்டப்பட்டு இப்போது ஒரு வருடம் ஆகிறது. அதில் இருந்தது இதுதான்: “ஈரல் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த எமது மண்ணின் மகள் கலாநிதி லோகேஸ்வரியை வாழ்த்துகிறோம்.”

அன்றே தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“டேய், நான் மருந்தெல்லாம் கண்டுபிடிக்கலடா.”

“ஆராய்ச்சிதானே பண்ற? கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி?”

“ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் கண்டுபிடிச்சவங்களா? கழட்டிரு.”

“ஏலாதுக்கா. பசங்க மூணு நாளா அலைஞ்சு கட்டுனது. அப்பா பஸ்ஸ விட்டுட்டு நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. நீ வந்து கழட்டு.”

காற்றுக்கு ஒரு பக்கம் கிழிந்த பிறகு பெனர் வீட்டுக்கு வந்தது. மழை தொடங்கியதும் தகரம் ஒழுகியது. பெனர் தண்ணீரைத் தாங்கும் என்பதால் கட்டிலுக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: “அக்கா, நீ இப்ப எங்க வீட்டுக் கூரை.”

சிரிப்பு வந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கி அப்பாவின் வயிற்றைப் பார்த்தேன். போர்வைக்குள்ளேயே தெரிந்தது, வீங்கியிருக்கிறது.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

நம் உடம்பில் உள்ள கலங்கள், அதாவது செல்கள், எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகள்தான், ஜீன்கள்தான், இருக்கின்றன. ஈரலில் உள்ள கலம் ஈரலாகவும் தோலில் உள்ள கலம் தோலாகவும் இருப்பதற்குக் காரணம், அவற்றில் எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்ற அடையாளங்கள். எழுத்து மாறுவதில்லை. அதன் மேல் வைக்கப்பட்ட அடையாளம்தான் மாறுகிறது. இதைப் படிக்கும் துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர்.

ஈரல் புற்றுநோயில் ஒரு சின்னக் கூட்டம் கலங்கள் இருக்கின்றன. தண்டுக் கலங்களைப் போல நடப்பவை. மருந்து கொடுத்தால் மற்றவை சாகும், இவை பதுங்கிக் கிடக்கும். மருந்து நின்றதும் எழும்பிக் கட்டியை மறுபடி கட்டும். ஈரலாக முதிர்வதற்கு வேண்டிய பரம்பரையலகுகளை இவை அடையாளம் வைத்து மூடி வைத்திருக்கின்றன. அந்த அடையாளத்தை வைக்கும் நொதியத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

தடுத்தால் அவை அடங்குகின்றன. ஈரல் கலத்தின் குணம் கொஞ்சம் வருகிறது. தட்டில் உருண்டை உருண்டையாக மிதந்து வளர்வது குறைகிறது. அந்தப் படத்தைத்தான் எல்லாரும் கருத்தரங்கில் காட்டுவார்கள். அப்படித் தடுக்கும் மருந்தைக் கழுவி எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது என் பங்கு. அடையாளங்கள் திரும்பி வருகின்றன. உருண்டைகள் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு முறையும்.

இந்தக் கலங்களுக்கு ஞாயிறு, பெருநாள், குளிர் என்று ஒன்றும் கிடையாது. ஊட்ட நீர் மாற்ற வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ட்ராம் பிடிக்கிறேன். ஆளில்லாத கட்டடத்தில் கையுறையைப் போட்டுக்கொண்டு, பழைய நீரை உறிஞ்சி எடுத்துப் புதிய நீரை விடுகிறேன். எங்களுக்கு வரும் மாதிரிகளில் நோயாளியின் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, என்ன வயது என்பது மட்டும் இருக்கும். போன மாதம் வந்த ஒன்றில் அப்பாவின் வயது இருந்தது. அந்தத் தட்டை வழக்கத்தைவிட மெதுவாக எடுத்து வைத்தேன். அதனால் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை, நன்றாகத்தான் வளர்ந்தது.

3

அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஸ்டோர்தான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பல வருடமாக உண்டு. அது ஈரலில் கொழுப்பாகி, கொழுப்பு தழும்பாகி, தழும்பில் கட்டி வந்திருக்கிறது. ஸ்கேனைத் தம்பி எனக்குத்தான் முதலில் அனுப்பினான். திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது என்று சொன்னால் அது பொய். திறந்த பிறகு தெரிந்தது.

கண்டியில் கிளினிக்கில் சொன்ன சிகிச்சை நல்லது. தொடையில் உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை ஈரல்வரை அனுப்பி, கட்டிக்கு உள்ளேயே மருந்தை விட்டு, அதற்குப் போகும் இரத்தத்தை அடைப்பது. கட்டியை முழுக்க இல்லாமல் ஆக்காது. ஆனால் காலம் கிடைக்கும். கட்டி இன்னும் பெருத்தால், ஈரல் இன்னும் சோர்ந்தால், அதையும் செய்ய முடியாமல் போகும். அதற்கு அப்பா சம்மதம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. கொடுத்த திகதிக்குப் போகவில்லை. அடுத்து ஒரு திகதி கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை.

தம்பி கெலிஓயாவில் ஒரு கடையில் நிற்கிறான். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது போன் எடுத்தான்.

“அக்கா, அவரு நீ மருந்து அனுப்புவன்னு நிக்கிறாரு.”

“எத்தன தரம்டா சொல்றது, எங்கிட்ட மருந்து இல்லன்னு.”

“சொன்னேன். ‘வெளியில சொல்லக் கூடாதுன்னு இருக்கும்டா, கம்பெனிக்காரன் விடமாட்டான்’ங்கிறாரு.”

அம்மா போனை வாங்கினார். அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். ஒரே கேள்விதான் கேட்டார். “வருமா பாப்பா, வராதா? வராதுன்னா நேரா அவருகிட்ட சொல்லு. நாங்க சொன்னா எடுபட மாட்டேங்குது.”

அப்பா கிளினிக்குப் போகாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும் ஓர் இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்பார், “பொனவத?” குடிப்பதுண்டா என்று. ஈரல் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் சம்பள நாளன்றுகூட ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவர் என்ற பெயரை அப்பா பாடுபட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார். முதல் தடவை இல்லை என்றார். அடுத்த தடவை சத்தமாக இல்லை என்றார். அதற்குப் பிறகு கிளினிக் பேச்சை எடுத்தாலே, “அங்க போனா நான் குடிகாரன்” என்பார்.

4

போக வேண்டும். போக முடியவில்லை.

என் வதிவிட அட்டை முடிந்துவிட்டது. புதியது வரும்வரை ஒரு தற்காலிகத் தாள் தந்திருக்கிறார்கள். அந்தத் தாளோடு இங்கே இருக்கலாம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவதற்கு அது உதவாது. அதைப் பற்றி அலுவலகத்தில் போய்க் கேட்பதற்கு முன்பதிவு வேண்டும். இங்குள்ள தமிழர்கள் அதை டெர்மின் என்று ஜெர்மன் சொல்லாகவே சொல்வார்கள். நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். போன மாதம் அம்மாவிடமே, “கிளினிக் டெர்மின் எப்பம்மா?” என்று கேட்டுவிட்டேன். “என்னா கேக்குற?” என்றார். அந்த இடத்துக்குத் தமிழ் வார்த்தை உடனே வரவில்லை.

டெர்மின் இல்லாமலே போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் என் பெயருக்கு முன்னால் பட்டத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக, “ஃப்ராவ் டொக்டர்” என்றுதான் தொடங்கினார். அவசரப் பயணம் என்றால், தகப்பனாரின் உயிருக்கு ஆபத்து என்று ஒரு வைத்தியர் எழுதித் தர வேண்டும், அதை ஜெர்மனுக்கு மாற்ற வேண்டும், என்றார்.

“என்ன சிகிச்சை நடக்கிறது?”

“ஒன்றும் நடக்கவில்லை. அவர் மறுக்கிறார்.”

“ஏன் மறுக்கிறார்?”

அந்தக் காரணத்தை ஜெர்மனில் சொல்ல எனக்குத் தெரியும். அதைச் சொல்லி முடித்த பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

5

கீழ் மாடியில் சாந்தி அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கு வந்து வெகுகாலம். நான் குடிவந்த புதிதில் படிக்கட்டில் மறித்துக் கேட்டார்.

“பிள்ளை எந்த ஊர்?”

“கண்டிப் பக்கம்.”

“அப்ப தோட்டமோ?”

“தோட்டந்தான்க்கா. லயத்துல பிறந்தேன். எங்க குடும்பத்துல பள்ளிக்கூடம் முடிச்ச முதல் ஆள் நான்.”

அதைக் கொஞ்சம் உரத்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அக்கா, “ஓம், நல்லது. குளிருக்க நிக்காதயும், தேத்தண்ணி போடுறன், வாரும்” என்றார். அன்றிலிருந்து பழக்கம்.

அக்காவின் மகள் அபி ஒன்பதாம் வகுப்பு. அம்மா தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். “என்னோட கதைக்கேக்க தமிழில கதை” என்று அக்கா கத்துவார். “ஓம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி ஜெர்மனில் தொடங்குவாள். அக்கா இப்போது கத்துவதைக் குறைத்துவிட்டார். களைத்துப்போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் அபி உயிரியல் பாடத்துக்கு உதவி கேட்டு வந்தாள். கலம் என்றால் என்ன என்பதில் தொடங்கி என் ஆய்வுவரை போய்விட்டோம். ஜெர்மனில் எனக்கு அது நன்றாகவே வருகிறது. ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டாள். பிறகு கேட்டாள், “உங்கள் அப்பாவுக்கும் இதே நோய்தானே? அவருக்கு இதைச் சொன்னீர்களா?”

“மருந்து இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.”

“அது இல்லை. இப்போது எனக்குச் சொன்னீர்களே, இதை.”

சொல்லியிருக்கவில்லை. ஆய்வு என்னவென்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், ஜெர்மனில் பேசியிருக்கிறேன். வீட்டில் கேட்டபோதெல்லாம், “ஈரல் புற்றுநோய் பத்தின வேலைப்பா, சொன்னா வெளங்காது” என்று முடித்திருக்கிறேன். அந்த ஒரு வரியை வைத்துத்தான் பெனரே அடித்தார்கள்.

6

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே, இங்கே மத்தியானம். வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்து எடுத்தேன். தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“ஆச்சு. அங்க பனியா?”

“பனிதான். அப்பா, ஸ்டோருக்கு வர்றது எல்லாம் ஒரே கொழுந்துதானே? அதுல பச்சைத் தேயிலையும் போடலாம், கறுப்பும் போடலாம், இல்லையா?”

“போடலாம். வாட்டுறது, உருட்டுறது, சூடு காட்டுறது, அந்தப் பக்குவத்துல இருக்கு. என்னா திடீர்னு?”

“ஒடம்பும் அப்படித்தாம்பா. எல்லாத்துக்கும் ஒரே கொழுந்து. ஈரலாகுறதுக்கு ஒரு பக்குவம், தோலாகுறதுக்கு ஒரு பக்குவம். ஆனதுக்குப் பொறகு திரும்பாது.”

“எப்படித் திரும்பும்? தூளு போயி கொழுந்தாகுமா?” அப்பா சிரித்தார்.

“இந்த நோயில ஆகுதுப்பா. எல்லாம் இல்ல, கொஞ்சம். தூளா இருந்தது திரும்பக் கொழுந்து மாதிரி ஆயிருது. கொழுந்துன்னா துளிர்க்கும்தானே. மருந்து குடுத்து மத்ததெல்லாம் அழிஞ்சாலும், அந்தக் கொஞ்சம் கெடந்து துளிர்க்கும்.”

சிரிப்பு நின்றது. “கவ்வாத்து வெட்டுன மரம் துளிர்க்கிற மாதிரி.”

“ஆமா.”

“நீ அதுக்கு என்னா பண்ற?”

“அந்தக் கொழுந்தத் திரும்பத் தூளாக்கப் பாக்குறேன். ஆகுது. மருந்த எடுத்தா மறுபடி கொழுந்தாயிருது. அதுவும் தட்டுல வளக்குறதுலதான். மனுசங்களுக்குக் குடுக்குற மாதிரி எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா. ரகசியமும் இல்ல. உங்களுக்கு அனுப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

“தெரியும் புள்ள,” என்றார்.

“என்னா தெரியும்?”

“இருந்தா நீ அனுப்பாம இருப்பியா? கொண்டாந்து வாயில ஊத்தியிருக்க மாட்ட?”

எனக்குக் கோபம் வந்தது. “தெரிஞ்சுக்கிட்டா கையெழுத்து வைக்காம இருக்கீங்க? ரெண்டு திகதி போயிருச்சுப்பா!”

“நான் போயி கண்டியில வார்ட்ல படுத்தா ஸ்டோருக்காரனுங்க என்னா கேப்பானுங்க? மக மருந்து கண்டுபிடிச்சிருக்கு, அப்பன் இங்க கெடக்குறான்னு. பஸ் நிக்கிற எடத்துல ஊரே படிச்சது. நீ படிச்ச படிப்பு பொய்யின்னு ஆயிராதா?”

“அதுக்கு?”

“அதுக்குத்தான், கொஞ்சம் ஆறட்டும்னு பாத்தேன். பெனரு பழசாகட்டும்னு.”

பின்னால் அம்மாவின் குரல்: “பெனரு பழசாகுமுந்தி நீங்க பழசாயிருவீங்க. கேளு பாப்பா, நல்லாக் கேளு!”

தம்பி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. நான் சிரிக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் வயிற்றில் கட்டியோடு படுத்திருக்கிறார். ஊருக்கு முன்னால் தலை குனியக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

“அப்பா, கேக்குறவங்ககிட்ட இப்படிச் சொல்லுங்க. ‘என் மக இந்த நோயப் படிச்சவ. அவ சொல்லித்தான் கண்டிக்குப் போறேன்.’ இது பொய் இல்ல. நான் படிச்சது உண்மைன்னா நான் சொல்றதக் கேளுங்க. கேக்கலன்னாதான் என் படிப்பு பொய்.”

அப்பா, “ஒரு விசயம்,” என்றார். “அந்த டொக்டர்கிட்ட நீயே பேசு. உங்கப்பா குடிக்கிறவரு இல்லன்னு நீ சொல்லு. உன் வாயால.”

7

அடுத்த கிளினிக் நாளன்று தம்பி லீவு போட்டுக்கொண்டு போனான். அங்கிருந்து எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு டொக்டரிடம் கொடுத்தான். இளம் பெண் குரல். என்னை விடவும் சின்னவராக இருக்கலாம். “சொல்லுங்க டொக்டர்” என்றார் தமிழில்.

நான் வைத்தியர் இல்லை என்பதை முதலில் சொன்னேன். தட்டில் வளரும் கலங்களோடு வேலை செய்பவள் என்றேன். பிறகு சொன்னேன், என் அப்பா குடிப்பதில்லை, ஒருநாளும் குடித்ததில்லை. தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “அது இங்க எழுதியிருக்கே. நீரிழிவால வந்ததுன்னுதான் இருக்கு. புதுசா வாறவங்க எல்லாரும் கேப்பாங்க, அப்பாகிட்ட மன்னிச்சிக்கச் சொல்லுங்க” என்றார்.

“எழுதியே இருக்காமா?” என்று அப்பா தூரத்தில் கேட்டார்.

“எழுதியிருக்காம்பா,” என்றேன்.

கையெழுத்து வைத்தார். அப்பா தன் பெயரை மட்டும் எழுதப் பழகியவர். அதை அவசரமில்லாமல் எழுதுவார்.

சிகிச்சை முடிந்து வார்டில் இருந்தார். காய்ச்சல், வயிற்றுவலி, சாப்பாடு பிடிக்கவில்லை. எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஸ்டோர்க்காரர்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்களாம். அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா, “மக சொல்லித்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டாராம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் மறுபடியும் செய்ய வேண்டும் என்கிறார்கள். தேவைப்படும். எனக்குத் தெரியும். அப்பாவிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன், கவ்வாத்துக் கதையோடு.

என் அட்டை இன்னும் வரவில்லை. இந்த ஞாயிறும் தட்டுகளுக்கு நீர் மாற்றினேன். மருந்தைக் கழுவி எடுத்த வரிசையில் உருண்டைகள் வந்திருந்தன. படம் எடுத்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றியபோது தம்பியின் படம் வந்திருந்தது.

அப்பா வீடு திரும்பியிருந்தார். அதே கட்டில், அதே பெனர், அதே தொப்பி. “கண்டுபிடித்த” என்ற சொல்லின் மேலே மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை. பெரிதாக்கிப் பார்த்தேன். வார்டில் கொடுத்த பிளாஸ்டர். அதன் மேல் தம்பியின் கோணல் எழுத்தில், “தேடும்.”

உடனே போன் எடுத்தேன்.

“யாருடா பண்ணச் சொன்னது?”

“வேற யாரு? படுத்துக்கிட்டே மேல பாத்து, ‘அத மாத்துடா, இனி ஒருத்தனும் ஒண்ணும் கேக்க ஏலாது’ன்னாரு. என்னைய ஏணியில நிக்க வச்சிட்டு கீழ இருந்து வேல வாங்குறாரு. ஆனா அக்கா, இந்த ஈரத்துக்கு நிக்காது. ரெண்டு நாள்ல உரிஞ்சிரும்.”

அப்பா கட்டிலில் இருந்து சொன்னது எனக்கும் கேட்டது.

“உரிஞ்சா திரும்ப ஒட்டு.”